சின்டரெல்லாவின் சித்தி

சென்ற துர்கா பூஜை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து என் மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்திக்குப் பதினான்கு வயது. பந்தல் பந்தலாகச் சுற்றலாம் என்று திட்டம் போட்டிருந்தோம். சப்தமியன்று பிடித்த மழை விடவில்லை. மகாராணி ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு ஒரு தடிமனான புத்தகத்தில் மூழ்கிவிட்டாள். காப்பி வேண்டுமா என்றாலும் "உம்", வேண்டாமா என்றாலும் "உம்".

அட்டையை எட்டிப் பார்த்தேன். சிவப்புக் குதிகால் செருப்பு போட்ட ஒரு பெண்ணின் கால். தோலுக்குள்ளே எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் கம்பிகள்!

"என்னடி கண்ணு இது, ஆஸ்பத்திரிக் கதையா?"

"இல்ல பாட்டி, சின்டரெல்லா!"

"இந்த வயசுல என்னடி சின்டரெல்லா? அதெல்லாம் உனக்கு ஆறு வயசுலயே சொல்லி முடிச்சாச்சே."

"இது வேற சின்டரெல்லா. இவ ஒரு மெக்கானிக். பாதி மனுஷி, பாதி மெஷின். ஊர் புதிய பீஜிங். நாலாவது உலகப் போர் முடிஞ்சப்புறம் நடக்கற கதை."

எனக்குக் கேட்கத் தோன்றியது ஒரே ஒரு கேள்விதான். "அதிலேயும் சித்தி உண்டா?"

"சித்தி இல்லாம சின்டரெல்லா ஏது பாட்டி?" என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏனென்றால் பக்கத்தில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவளுடைய அம்மா, அதாவது என் மகள், என்னை அழைப்பது 'சித்தி' என்றுதான். நான் அவளைப் பெற்றவள் இல்லை. அவளுடைய அப்பாவுக்கு இரண்டாந்தாரமாக வந்தவள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புக்கு வந்து சேர எங்களுக்குப் பல வருடங்கள் ஆயின. நம் சங்க இதழின் ஆசிரியர் "நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது என்ன படிக்கிறார்கள் என்று எழுதுங்கள்" என்று கேட்டபோது, இதையே எழுதுவது என்று தீர்மானித்தேன்.

படித்துக் காட்டிய முதல் இரவு

1986-இல் கும்பகோணத்திலிருந்து அன்றைய கல்கத்தாவுக்கு, லேக் மார்க்கெட் பக்கத்து மாடி வீடு ஒன்றுக்குக் கல்யாணமாகி வந்தேன். ஏழு வயதுப் பெண் குழந்தை கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தது. அன்று இரவு, யாரும் சொல்லாமலே, ஒரு படப் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தது. சின்டரெல்லா. நீல கவுன் போட்ட, 1950-இல் வந்த டிஸ்னி படத்துப் பெண்.

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். இரண்டாம் பக்கத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. 'மாற்றாந்தாய்' என்றால் அந்தக் குழந்தைக்குப் புரியாது. புரிகிற சொல் 'சித்தி'. ஆனால் அன்று காலையில்தான் உறவுக்காரர்கள் என்னைக் காட்டி, "இனிமே இவங்களைச் சித்தின்னு கூப்பிடு" என்று சொல்லியிருந்தார்கள்.

"ஒரு ஊர்ல ஒரு பொல்லாத ராட்சசி இருந்தாளாம்..." என்று மாற்றிவிட்டேன்.

குழந்தை படத்தைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. "இது ராட்சசி இல்ல. ஷொத்மா. எதிர்வீட்டு மாஷி சொன்னாங்க" என்றது.

ஷொத்மா என்றால் வங்காளியில் மாற்றாந்தாய். இந்த ஊரில் 1907 முதல் 'தாக்குமார் ஜூலி' என்ற புத்தகம் இருக்கிறது; தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் கிராமத்துப் பாட்டிகளிடம் கேட்டுத் தொகுத்த கதைகள். தாகூர் முன்னுரை எழுதியது. அதில் ராஜாவின் செல்ல ராணி சுவோராணி. ஒதுக்கப்பட்ட ராணி துவோராணி. ஒருத்தியின் பிள்ளைகளை இன்னொருத்தி படுத்தும் பாட்டைக் கேட்காமல் இங்கே எந்தக் குழந்தையும் தூங்கியதில்லை. நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? துருவனைத் தகப்பன் மடியேற விடாமல் விரட்டிய சுருசி, ராமனைக் காட்டுக்கு அனுப்பிய கைகேயி. ஆக, நான் இந்த வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே என்னைப் பற்றிய கதை வந்து உட்கார்ந்திருந்தது.

யார் மாற்றினார்கள்?

ராட்சசி என்று நான் மாற்றிச் சொன்னது தப்பு என்றே பல காலம் நினைத்திருந்தேன். கதை என்றால் கல்வெட்டு மாதிரி, அதில் கை வைக்கக் கூடாது என்ற பயம். பிற்பாடு இந்தக் கதைகளின் சரித்திரத்தைத் தேடிப் படித்தபோதுதான், கை வைக்காதவர்களே இல்லை என்று தெரிந்தது.

நாம் அறிந்த சின்டரெல்லா, அதாவது பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் கொண்டவள், 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ எழுதியவள். அவருடைய கதையின் முடிவில் சின்டரெல்லா தன்னைக் கொடுமைப்படுத்திய அக்காமார்களை மன்னித்து, அவர்களுக்கும் அரண்மனையிலேயே கல்யாணம் செய்து வைக்கிறாள். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் சொன்ன கதையில் பூசணிக்காய் இல்லை. அம்மாவின் சமாதிமேல் வளர்ந்த மரம்தான் பெண்ணுக்கு உடுப்பு தருகிறது. அக்காமார்கள் செருப்புக்குள் காலை நுழைக்க ஒருத்தி கட்டைவிரலையும் ஒருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் புறாக்கள் அவர்களுடைய கண்களைக் கொத்திவிடுகின்றன. ஒரே கதை, ஒருவர் கையில் மன்னிப்பு, இன்னொருவர் கையில் தண்டனை.

பெரோவுக்கும் முன்னால், 1630-களில் வெளியான இத்தாலியரான ஜியாம்பத்திஸ்தா பசீலேயின் தொகுப்பில், அந்தப் பெண்ணே முதல் மாற்றாந்தாயைக் கொன்றுவிடுகிறாள்! அவளைத் தூண்டிவிட்ட ஆசிரியை அடுத்த மாற்றாந்தாயாக வந்து, முன்னவளைவிட மோசமாக நடத்துகிறாள். இவர்கள் எல்லோருக்கும் முன்பு, 9ஆம் நூற்றாண்டிலேயே சீனத்தில் துவான் செங்ஷி என்பவர் யே ஷியன் என்ற பெண்ணின் கதையை எழுதி வைத்திருக்கிறார். அங்கே தேவதை கிடையாது. ஒரு மீனின் எலும்புகள்தாம் வரம் தருகின்றன. செருப்பு தங்கச் செருப்பு. மேரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1893-இல் இந்தக் கதையின் 345 வடிவங்களைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

நமக்கு அண்டை வீடான கர்நாடகத்தில் ஏ.கே. ராமானுஜன் சேகரித்த 'ஹஞ்சி' கதையும் சின்டரெல்லா வகைதான். அதில் மாற்றாந்தாயே இல்லை. சொந்த வீட்டுக்குள் ஆபத்து வரும்போது, பெற்ற தாயே மகளின் முகத்துக்கு மண்ணால் முகமூடி செய்து போட்டு, அவளைத் தப்பிக்க வைக்கிறாள்.

என்னைத் தூக்கிவாரிப் போட்ட செய்தி ஒன்று உண்டு. கிரிம் சகோதரர்களின் தொகுப்பு முதலில் வந்தது 1812-இல். அந்தப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் மாற்றாந்தாய் அல்ல, பெற்ற தாய்! 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொன்ன ஹான்சல்-கிரெட்டலின் தாயும் அப்படியே. 1840 பதிப்பில் அவள் மாற்றாந்தாயாகிவிட்டாள். முதலில் பண்டிதர்களுக்காக வந்த தொகுப்பு குழந்தைகள் கைக்குப் போகப் போக, பெற்ற தாய் இப்படிச் செய்வாள் என்று அச்சிட அவர்களுக்கு மனம் வரவில்லை. தாய் என்ற பிம்பம் காப்பாற்றப்பட்டது. பழி எங்கள் தலையில்.

இதில் நிஜமே இல்லை என்று நான் வாதாடவில்லை. பிரசவத்தில் பெண்கள் நிறையப் பேர் இறந்த காலம் அது. வீட்டுக்கு வீடு இரண்டாந்தாரம் இருந்தது. இருக்கிற ஒரு துண்டு நிலத்துக்கும் ஒரு சட்டி கஞ்சிக்கும் இரண்டு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போட்டி போட்டார்கள். சின்டரெல்லாவின் சித்தி அந்தப் பசியிலிருந்து வந்தவள். ஆனாலும் அந்த 1819-ஐப் படித்த அன்று, யாரோ என் பெயரிலிருந்த ஒரு பழைய கேஸைத் தள்ளுபடி செய்த மாதிரி இருந்தது.

பதினான்கு வயதின் கேள்விகள்

இனி பேத்தியின் புத்தகத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கென்று தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள். இளையோர் நாவல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தேவதைக் கதைகளைத் திருப்பிச் சொல்லும் நாவல்களுக்கு ஒரு பெரிய இடம். நம் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன.

ஆறு வயதில் கதை கேட்கும் குழந்தை "அப்புறம்?" என்று கேட்கும். பதினான்கு வயதில் அதே குழந்தை "ஏன்?" என்று கேட்கும். ஏன் அவள் எதிர்த்துப் பேசவில்லை? ஏன் அப்பா வாயைத் திறக்கவில்லை? ஒரு தடவை நடனமாடியவனை எப்படி நம்பிக் கல்யாணம் செய்துகொண்டாள்? நல்ல நாவல்கள் இந்த 'ஏன்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கின்றன.

கெயில் கார்சன் லெவினின் 'எல்லா என்சான்டட்' 1997-இல் வந்தது. மறு ஆண்டு நியூபெரி கௌரவம் பெற்றது. 2004-இல் படமாகவும் வந்தது. சின்டரெல்லா ஏன் சொன்னதையெல்லாம் செய்கிறாள் என்ற கேள்விக்கு லெவின் தரும் பதில்: அது நல்ல குணமல்ல, சாபம்! பிறந்தபோது ஒரு தேவதை கொடுத்த 'வரம்' அது. யார் என்ன கட்டளையிட்டாலும் எல்லா கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். கடைசியில் தன் வாயால் 'மாட்டேன்' என்று சொல்லித்தான் சாபத்திலிருந்து அவள் விடுபடுகிறாள். 'சொன்ன பேச்சு கேட்கிற பெண்' என்று வளர்க்கப்பட்ட நான், இந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டானா ஜோ நேப்போலியின் 'த மேஜிக் சர்க்கிள்' 1993-இல் வந்தது. ஹான்சல்-கிரெட்டல் கதையின் சூனியக்காரியே பேசுகிறாள். ஒரு காலத்தில் அவள் கூன் விழுந்த மருத்துவச்சி. மகள்மேல் உயிர். வலையில் சிக்கிச் சூனியக்காரி ஆனபிறகு, யாருக்கும் தீங்கு செய்யாமலிருக்கவே காட்டுக்குள் ஒதுங்குகிறாள். வீடு முழுக்க மிட்டாய் ஏன்? மகளின் ஞாபகம். கடைசியில் அந்த அடுப்பு அவளுக்கு விடுதலையாகிறது.

பேத்தி படித்தது மரிஸா மேயரின் 'சின்டர்', 2012-இல் வந்தது. சந்தையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் சின்டரின் சம்பாத்தியத்தில்தான் அந்த வீடே நடக்கிறது. பூசணிக்காய்க்குப் பதில், குப்பையிலிருந்து எடுத்துப் பழுது பார்த்த ஆரஞ்சு நிறப் பழைய கார். அரண்மனைப் படிக்கட்டில் செருப்பு கழலவில்லை. அவளுடைய இயந்திரப் பாதமே கழன்று விழுகிறது. உடம்பைப் பார்த்துக் கூசுகிற வயதுப் பெண்களுக்கு இதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சித்தியின் இரண்டு பெண்களில் ஒருத்தி, பியோனி, சின்டர்மேல் உண்மையான பாசம் உள்ளவள். அந்த இடம் வந்தபோது எனக்கு 'தாக்குமார் ஜூலி'யின் லால்கமல், நீல்கமல் ஞாபகம் வந்தது. வேறு வேறு தாய் வயிற்றில் பிறந்தும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காத அண்ணன் தம்பிகள் அவர்கள்.

ஆனால் சித்தி? சின்டரின் சித்தி பழைய சித்தியேதான். "இவ்வளவு மாத்தினவங்க இதை மாத்தலையே" என்றேன் பேத்தியிடம். உடனே அவள், அதே மேயர் 2015-இல் எழுதிய 'ஃபேரஸ்ட்' என்ற புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். அது ஸ்னோ ஒயிட்டின் மாற்றாந்தாயைப் போன்ற ராணி லெவானாவின் கதை. சிறு வயதில் சொந்த அக்காவாலேயே நெருப்பில் சுடப்பட்டு, அழகிய தோற்றம் ஒன்றை மாயமாகப் போட்டு முகத்தை மறைத்து வாழ்பவள்.

"அப்ப அவ பண்ணினதெல்லாம் சரின்னு ஆயிடுமா?"

"ஆகாது பாட்டி. ஏன் பண்ணினான்னு தெரியும். அவ்வளவுதான்."

காரணம் சொல்வது வேறு, நியாயம் சொல்வது வேறு. பெரியவர்கள் பல பேருக்கு விளங்காத வித்தியாசம். ஒரு நாவல் அதைப் பதினான்கு வயதில் சொல்லிக்கொடுக்குமானால், கொடுத்த விலை வீணில்லை.

ஒரு பாட்டி சொன்ன கதை

இந்த வரிசையில் என் மனத்தை உலுக்கியது ஜேன் யோலன் 1992-இல் எழுதிய 'பிரையர் ரோஸ்'. அமெரிக்காவில் வாழும் ஒரு யூதப் பாட்டி, தன் பேத்திகளுக்குத் 'தூங்கும் அழகி' கதையை ஒன்றைத் தவிர வேறு கதையே சொன்னதில்லை. அதுவும் ஒரு மாதிரியாகச் சொல்வாள். அவள் கதையில் அரண்மனையில் தூங்கிப்போன மற்றவர்கள் எழுவதே இல்லை. சாகும் தறுவாயில், "அந்த இளவரசி நான்தான்" என்கிறாள். கடைசிப் பேத்தி பெக்கா, அந்தக் கோட்டையைத் தேடிப் போலந்து போகிறாள்.

கோட்டை நிஜமாகவே இருந்தது. செல்ம்னோ என்ற கிராமத்து மாளிகை அது. 1941 டிசம்பர் முதல் நாஜிகள் யூதர்களை அங்கே கொண்டுவந்து, மூடிய வண்டிகளில் அடைத்து, விஷப்புகையால் கொன்றார்கள். அந்த இடத்தில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கதையில் வரும் தூக்கம் அந்தப் புகை. முள்வேலி நிஜ முள்வேலி. இளவரசனின் முத்தம், பிணக்குழியிலிருந்து எடுத்தவளின் வாயில் ஒருவன் ஊதிய மூச்சு. இதில் பாட்டி தப்பிய பகுதி கற்பனை. செல்ம்னோவிலிருந்து உயிரோடு மீண்ட பெண் எவரையும் தான் அறியவில்லை என்று யோலனே புத்தக முடிவில் சொல்லிவிடுகிறார்.

சொல்ல முடியாத ஒன்றை அந்தப் பாட்டி தேவதைக் கதைக்குள் வைத்துச் சொன்னாள். கேட்டவர்கள் அதைக் கதை என்றே நினைத்தார்கள். தோண்டிப் பார்த்தவள் ஒரு பேத்திதான்.

நம் தமிழிலும் அப்படி ஒரு கதை உண்டு. ராமானுஜன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இருக்கிறது. இரண்டு மகன்களும் இரண்டு மருமகள்களும் படுத்தும் பாட்டை வெளியே சொல்ல ஆளில்லாத ஒரு விதவைத் தாய். துக்கத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு, நாளுக்கு நாள் ஊதிப் பெருத்துப் போகிறாள். ஒருநாள் ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போய், ஒவ்வொரு சுவரிடமும் ஒருவரைப் பற்றிய குறையைச் சொல்கிறாள். ஒவ்வொரு சுவராக இடிந்து விழுகிறது. நான்கும் விழுந்தபோது அவள் உடம்பும் மனமும் இலேசாகிவிடுகின்றன.

வெளியூர் வந்து குடித்தனம் நடத்திய பெண்களுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். பக்கத்து வீட்டில் பேசிக்கொள்ளப் பாஷை தெரியாத அந்த முதல் வருடங்களில், நானும் சமையலறைச் சுவரோடுதான் பேசினேன்.

ஒரு நோட்டுப் புத்தகம்

இப்போது, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1989-இல் எனக்கு ஒரு மகன் பிறந்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவு டம்ளரில் பால், ஒரே கடையில் துணி என்று கணக்குப் பார்த்துத்தான் நடந்துகொண்டேன். சித்தி என்ற பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம் எப்போதும் இருந்தது.

1993-இல் பள்ளியிலிருந்து டார்ஜிலிங் சுற்றுலா போனார்கள். மகளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் பண முடை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அதே மாதம், நான்கு வயது மகன் அழுதான் என்று மூன்று சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

சில வாரம் கழித்து, பழைய பேப்பர் போடக் கட்டை அவிழ்த்தபோது நடுவில் அவளுடைய நோட்டு. இங்கிலீஷில் ஒரு கதை. சின்டரெல்லா விருந்துக்குப் போகவில்லை. தேவதை வரவில்லை. சமையலறையில் உட்கார்ந்து கடிகாரம் பன்னிரண்டு அடிப்பதைக் கேட்கிறாள். கடைசியில், சித்தி கெட்டவள் இல்லை, அவளுக்குத் தன் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான் என்று எழுதியிருந்தாள்.

கொடுமைக்காரி என்று எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்னிடம் பதிலில்லை. எதிர்வீட்டு மாஷி சொன்ன ஷொத்மாவும் இல்லை, நான் மாற்றிச் சொன்ன ராட்சசியும் இல்லை. உள்ளது உள்ளபடி என்னையே எழுதியிருந்தாள். நோட்டை அவள் அலமாரியில் வைத்தேன். மறு வருடம் பூரிக்குச் சுற்றுலா என்று தெரிந்ததும், அவள் கேட்பதற்கு முன்பே பணம் கட்டினேன். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

பூஜை மழையில், பேத்தியின் புத்தகத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, முதல் முறையாக மகளிடம் கேட்டேன். "அந்த நோட்டு பேப்பர் கட்டுக்குள்ள எப்படி வந்தது?"

புடலங்காயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நான்தான் வெச்சேன் சித்தி. பேப்பர் கட்டை நீங்க மட்டும்தானே அவிழ்ப்பீங்க."

நாம் செய்யக்கூடியது

இளையோர் எல்லோரிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது. சிலர் எழுதுகிறார்கள். எழுதாதவர்கள் தங்களுக்காக யாரோ எழுதிய நாவலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போகிறார்கள். 'வளர்ந்த பிள்ளைக்குத் தேவதைக் கதை என்ன?' என்று நான் கேட்ட மாதிரி நீங்களும் கேட்காதீர்கள்.

எல்லாம் நல்ல புத்தகம் என்றும் சொல்ல மாட்டேன். பழைய கதைக்கு ஜிகினா ஒட்டிப் பெரிய விலை போட்டவையும் உண்டு. காதலும் வன்முறையும் தூக்கலாக இருப்பவையும் உண்டு. 'எல்லா'வைப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கொடுக்கலாம். 'சின்டர்' பதின்மூன்றுக்கு மேல். 'பிரையர் ரோஸ்' பதினைந்து வயதுக்குப் பிறகு. அதையும் முதலில் நீங்கள் படித்துவிட்டு, பிறகு பிள்ளைகளிடம் கொடுத்து, உட்கார்ந்து பேசுங்கள்.

திருப்பிச் சொல்வது மேல்நாட்டுச் சரக்கு என்றும் எண்ண வேண்டாம். வால்மீகியைத் தமிழில் திருப்பிச் சொன்னவர்தான் கம்பர். புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' சிறுகதையில் அகலிகையை மறுபடி கல்லாக்கினார்; சீதை தீக்குளித்ததைக் கேட்ட அதிர்ச்சியில் அவள் மீண்டும் கல்லாகிறாள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதைப் படித்துக் காட்டிப் பாருங்கள், 'ஏன்' என்ற கேள்வி எப்படிப் பாய்ந்து வருகிறது என்று. சம்ஹிதா ஆர்னி எழுத, மேற்கு வங்கத்துப் படச்சுருள் ஓவியர் மொய்னா சித்ரகார் வரைந்த 'சீதாஸ் ராமாயணா'வைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2011-இல் கொண்டுவந்தது. சீதையே தன் கதையைச் சொல்லும் படநூல் அது. சென்னையும் வங்கமும் சேர்ந்து செய்த இந்தப் புத்தகம் நம்மைப் போன்றவர்கள் வீட்டில் இருக்க வேண்டாமா?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் இளையோருக்கென்று ஒரு தட்டு ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டு மலரில் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கம் கொடுங்கள். நல்லதங்காளை அவளுடைய அண்ணி சொன்னால் எப்படி இருக்கும்? கைகேயி தன் பக்கத்தைச் சொன்னால்? தமிழில் எழுத வராதவர்கள் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம். தப்பும் தவறுமான தமிழாக இருந்தாலும் பரவாயில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு நான் சொன்ன தமிழும் தடுமாறிய தமிழ்தான்.

பேத்தி ஊருக்குக் கிளம்பும் முன்தினம் இரவு, விளக்கை அணைத்த பிறகு, "பாட்டி, சின்டரெல்லா கதையைச் சித்தி சொல்ற மாதிரி சொல்லுங்களேன்" என்றாள்.

இந்தத் தடவை சொல்லை மாற்றவில்லை. "ஒரு ஊர்ல ஒரு சித்தி இருந்தாளாம். புது ஊருக்கு வந்த முதல் நாளே அவளுக்கு ரொம்பப் பயமா இருந்ததாம்..." என்று ஆரம்பித்தேன்.

பக்கத்து அறையில் மகள் இன்னும் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.